பரிசோதகரின் காது
அத்தியாயம் ஒன்பது

செமிசியின் நீல நிற சுபாரு காரில் போலீஸ்காரர் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனதிலிருந்து, ஹாவெரா ஊரில் இரண்டு வீடுகளில் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

சைலன்சர் சத்தம் அதிகம், சோதனைக்கோ ரிப்பேருக்கோ தவிர ரோட்டில் எடுக்கக் கூடாது என்றது அந்தப் பச்சை ஸ்டிக்கர். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அதே கண்ணாடியின் இன்னொரு மூலையில், மை கூட மங்காத புது வாரன்ட் ஒட்டியிருந்தது. வண்டி ஓடத் தகுதியானது என்று தரும் சான்றை அங்கே வாரன்ட் என்றுதான் சொல்வார்கள். அந்த வாரன்டைக் கொடுத்தவர், ஊரில் ஒர்க்‌ஷாப் வைத்து வண்டிகளைப் பரிசோதிக்கும் திபெனே கெரியாமா. செமிசி அவர் மகள் மெரியானாவோடு பழகுகிற பையன்.

ஊருக்கு இது போதாதா? மருமகனாகப் போகிறவனுக்காகப் பெரியவர் வளைந்து கொடுத்துவிட்டார் என்று பேக்கரியிலும் ரக்பி மைதானத்திலும் பேசிக்கொண்டார்கள். தங்கமான மனிதர், அந்தப் பையன்தான் கெஞ்சிக் கூத்தாடிக் காரியம் சாதித்திருப்பான் என்று பாதிப் பேர் சொன்னார்கள். அந்தப் பாதியில் மெரியானாவும் இருந்தாள். அவளும் அதே ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். "இந்தச் சைலன்சரோட வாரன்டுக்குப் போகாதே" என்று முன்கூட்டியே எச்சரித்தவள். போன வாரம் செமிசியின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள்.

இன்று வெள்ளிக்கிழமை. விசாரிப்பதற்குப் போக்குவரத்து இலாகாவிலிருந்து ஆள் வருகிறது.

நடந்தது என்ன என்று தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டு பேர். இருவரும் இப்போது சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

*

"நான் பேசிக்கிறேன்," என்றார் திபெனே. தேவைக்கு மேல் சத்தமாகவே சொன்னார். இப்போதெல்லாம் அவர் எதைச் சொன்னாலும் அப்படித்தான். "பொண்ணோட சிநேகிதன், பாவம்னு விட்டுட்டேன்னு சொல்லிடுவேன். வாரன்ட் குடுக்கற லைசன்ஸைக் கொஞ்ச மாசம் நிறுத்தி வைப்பாங்க. அப்புறம் திருப்பிக் குடுத்துடுவாங்க."

"அப்போ செமிசி?" என்றாள் அவர் மனைவி ரேவின்.

அவர் டோஸ்டில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. ரேவின் எட்டி அவர் மணிக்கட்டைத் தொட்டாள். அவர் அவள் வாயைப் பார்த்த பிறகு திரும்பச் சொன்னாள்.

"செமிசி கதி என்னன்னு கேட்டேன்."

"சின்னப் பையன். நாலு நாள் பேசுவாங்க. மறந்துடுவாங்க."

"தீயணைப்புப் படையில தொண்டனா சேர மனு போட்டிருக்கான். இப்போதைக்கு வேணாம், பொறுத்துப் பாப்போம்னு அவங்க தலைவர் சொல்லிட்டாராம். எதுக்குன்னு சொல்லலையாம். சொல்லணுமா என்ன?"

திபெனே கத்தியைக் கீழே வைத்தார்.

"வளைஞ்சு குடுத்தேன்னு சொன்னா அது கொஞ்ச நாள்ல போயிடும் ரேவின். காது போச்சுன்னு சொன்னா அது போகாது. அவங்க திருப்பிக் குடுக்கவே மாட்டாங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை என்று ரேவினுக்கும் தெரியும்.

சின்ன வயதில் சீழ் பிடித்து அவருடைய இடது காது எப்போதோ போய்விட்டது. வலது காதை வைத்துக்கொண்டே இத்தனை வருடங்கள் ஓட்டினார். இரண்டு குளிர்காலங்களாக அதுவும் சுவருக்கு அப்பால் பேசுவதைக் கேட்பதுபோல் ஆகிவிட்டது. பிரேக், லைட், டயர், துரு எல்லாவற்றையும் கண்ணாலும் கையாலும் பார்த்துவிடலாம். சைலன்சருக்கு அது முடியாது. வண்டி கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்ததைவிடக் கவனிக்கும்படி சத்தம் கூடியிருக்கக் கூடாது என்பது விதி. கூடியிருக்கிறதா என்று முதலில் தீர்மானிக்க வேண்டியது பரிசோதகரின் காது. அவருக்குச் சந்தேகம் வந்தால்தான் மீட்டர் வைத்து அளக்கிற நிபுணரிடம் வண்டி போகும்.

ஒருநாள் ஒரு வண்டியை ரேஸ் செய்யும்போது திபெனே தற்செயலாக நிமிர்ந்தார். கவுன்டர் அறையின் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் ரேவின் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தாள். அந்த வண்டியை ஃபெயில் செய்தார். அடுத்த வண்டிக்கும் நிமிர்ந்து பார்த்தார். சில நாட்களிலேயே ரேவினுக்குப் புரிந்துவிட்டது. சத்தம் சரியாக இருந்தால் மோவாயைத் தாழ்த்துவாள். அதிகமென்றால் புருவம் சுருங்கும். இதைப் பற்றி அவர்கள் ஒரு நாளும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. அது பாட்டுக்கு வழக்கமாகிவிட்டது.

செமிசி வண்டியைக் கொண்டுவந்த அன்று ரேவின் பல் டாக்டரிடம் போயிருந்தாள். மெரியானா உதிரி பாகங்கள் வாங்க நியூ பிளைமத்துக்குப் போயிருந்தாள். ஜன்னலில் முகம் இல்லை.

"இன்னிக்கு அந்தம்மா எதிர்ல ஏதாவது வண்டியைப் பாக்கச் சொன்னா..." என்று இழுத்தார் திபெனே. "நீ ஜன்னல்கிட்ட இருப்பேல்ல?"

ரேவின் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"எப்பவும் அங்கதானே நிக்கிறேன்," என்றாள், அவருக்குத் தெரியும்படி திரும்பி நின்று.

*

மெரியானா ஒர்க்‌ஷாப் ஷட்டரைத் தூக்கியபோதே, செமிசி வருவது மூன்று தெருவுக்கு அப்பாலிருந்து தெரிந்துவிட்டது. பின் தெரு நாய்கள் ஒவ்வொன்றாகக் குரைத்தன. மழைத் தூறலில் அந்த நீலக் கார் உள்ளே நுழைந்ததும் தகரக் கூரை அதிர்ந்தது.

"காலங்கார்த்தால கச்சேரியா?" என்றாள்.

"வண்டியைக் கொண்டுவரச் சொல்லி போன் வந்துச்சு."

"இடது பக்கம் நிறுத்து. எதையும் தொடாதே."

செமிசி குனிந்து, தோளைச் சாய்த்து, கதவு வழியாகத் தன் பெரிய உடம்பை வெளியே எடுத்தான். பால் பவுடர் தொழிற்சாலையில் ராத்திரி ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருக்கிறான். கண் சிவந்திருந்தது.

"மெரே. ஒரு தடவை கேளு. அப்புறம் திட்டு."

"அதான் போன வாரம் கேட்டேனே."

"எங்க கேட்டே? கதவுதான் கேட்டுச்சு." அவன் தலையிலிருந்த கம்பளிக் குல்லாயைக் கழற்றிக் கையில் சுருட்டினான். "வாரன்ட் தேதி முடியுதுன்னு வந்தேன். ஃபெயில் ஆகும்னு எனக்கே தெரியும். ஃபெயில்னா மாத்திக்கக் கொஞ்சம் டைம் கிடைக்கும்ல? அதுக்குள்ள உன்னைத் தாஜா பண்ணி பழைய சைலன்சரை மாட்டிக்கலாம்னு இருந்தேன். இவரு என்னடான்னா பாஸ்னு ஒட்டிக் குடுத்துட்டாரு. நான் என்ன பண்ண? வேணாம் அங்கிள்னு சுரண்டி எடுக்கவா?"

"எடுத்திருக்கணும்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள்.

"நீ கேக்கல. சரி. அப்போ எங்கப்பா தானாவே பொய் வாரன்ட் குடுத்தாருன்னு சொல்ற. அப்படித்தானே?"

"நான் அப்படிச் சொல்லல. எனக்குப் புரியலன்னுதான் சொல்றேன். அன்னிக்கு ரொம்ப சந்தோஷமா இருந்தாரு. நல்ல வண்டி, பத்திரமா ஓட்டுன்னு முதுகுல தட்டினாரு."

மெரியானா கையுறையை எடுத்து மாட்டினாள். தன் அப்பா சிரித்துக்கொண்டே பொய் சொல்வதைக் கற்பனை செய்து பார்த்தாள். வரவில்லை. செமிசி பொய் சொல்வதுதான் சுலபமாக வந்தது.

*

விசாரிக்க வந்தவரின் பெயர் கிளெனிஸ். சின்ன உருவம், பெரிய மழைக்கோட்டு. உள்ளே வந்ததும் கோட்டை உதறி ஆணியில் மாட்டிவிட்டு, "யாரையும் தூக்குல போட வரல. டீ கிடைக்குமா?" என்றார்.

ரேவின் டீ போட்டுக் கொடுத்தாள். கிளெனிஸ் கோப்பையோடு ஒர்க்‌ஷாப்பைச் சுற்றி வந்தார். பிரேக் சோதிக்கிற உருளைகளைப் பார்த்தார், லைட் மட்டம் பார்க்கிற கருவியைப் பார்த்தார். எல்லாம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அவருக்கும் அது தெரிந்தது.

பிறகு சுபாருவை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். செமிசி உட்கார்ந்து மிதித்தான். சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர்கள் கிணுகிணுத்தன. கிளெனிஸ் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு மறு கையால் போதும் என்று காட்டினார்.

"திபெனே, இதை நீங்க பாஸ் பண்ணியிருக்கீங்க."

"ஆமா."

"இந்தச் சத்தம் அன்னிக்கும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்புறம் ஏன்?"

திபெனே கையைத் துணியில் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கை.

"என் பொண்ணோட பழகுற பையன். தெரிஞ்ச பையன்னு விட்டுட்டேன். தப்புதான்."

"அவர் கேட்டாரா? இல்ல நீங்களாவே குடுத்தீங்களா?"

அவர் துணியை மடித்துத் தோளில் போட்டார்.

"சின்னப் பசங்க எப்படின்னு உங்களுக்குத் தெரியாதா," என்றார் திபெனே. இரண்டில் எதற்கும் அது பதில் இல்லை. ஆனால் அங்கிருந்த எல்லோருக்கும் பதிலாகத்தான் கேட்டது.

மெரியானா செமிசியைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்தியா என்ற பார்வை. செமிசி அவளைப் பார்க்கவில்லை. திபெனேயையே பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவர்கள் பேச்சை நாலு பேர் எதிரில் மறுப்பது அவன் வளர்ந்த டோங்கா தீவுக்காரர் வீட்டில் கிடையாது. இரண்டடி பின்னால் நகர்ந்து சுவரில் சாய்ந்துகொண்டான்.

கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னாலிருந்து ரேவின் இதைப் பார்த்தாள். வார்த்தைகள் முழுதாகக் கேட்கவில்லை. அந்தப் பையன் சுவரோடு ஒட்டிக்கொண்டதைப் பார்த்தாள். அதுவே போதுமாக இருந்தது.

"சரி, எழுதிக்கிறேன்," என்றார் கிளெனிஸ். "ஆனா நீங்க சோதிக்கிற விதத்தை ஒரு தடவை பாத்துடணும். வழக்கமா செய்யிறதுதான். அந்த வண்டி யாரோடது?"

எண்ணெய் மாற்றுவதற்காக ஒரு பண்ணைக்காரர் விட்டுப்போன பழைய டீசல் பிக்கப் ஓரமாக நின்றது. அடியெல்லாம் மாட்டுச் சாணி காய்ந்திருந்தது.

"மெரே, ஏறு," என்றார் திபெனே.

*

மெரியானா ஸ்டார்ட் செய்து மிதித்தாள். காதைப் பிய்த்தது. சைலன்சர் எங்கோ வெடித்து ஓட்டை விழுந்திருக்கிறது. அடியில் படபடவென்று அடித்தது. இதற்கு இரண்டாவது யோசனையே தேவையில்லை. ஃபெயில். அப்பா கையைக் காட்டுவார், நிறுத்திவிடலாம் என்று பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தாள்.

திபெனே பின் பக்கம் குனிந்திருந்தார். உள்ளங்கையைப் பிக்கப்பின் தகரத்தில் வைத்திருந்தார். பிறகு நிமிர்ந்து கவுன்டர் ஜன்னலைப் பார்த்தார்.

ரேவின் அங்கே நின்றிருந்தாள். கணவர் அவளைப் பார்த்தார். புருவத்தைச் சுருக்கினால் முடிந்தது. எத்தனையோ தடவை செய்ததுதான். அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். திரும்பினாள். ஜன்னலை விட்டு விலகி உள்ளே போய்விட்டாள்.

திபெனே காத்திருந்தார். ஏதோ எடுக்கப் போயிருப்பாள், வந்துவிடுவாள் என்பதுபோல. ஜன்னலில் காலண்டர் மட்டும் தெரிந்தது. கிளெனிஸ் அவருக்குப் பின்னால் நின்று குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் திபெனேயின் கண் பக்கவாட்டுக் கண்ணாடிக்கு வந்தது. அதில் மெரியானாவின் முகம் இருந்தது.

அந்தப் பார்வையை அவள் இதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஸ்பேனர் எங்கே என்று கேட்கிற பார்வை அல்ல. தெரியாத ஊரில் வழி கேட்கிற மனிதன் மாதிரி இருந்தார். இவ்வளவு நெருக்கத்தில் காது கிழிகிற சத்தத்தில் நின்றுகொண்டு, சத்தமா இல்லையா என்று அவளிடம் கேட்டார்.

அம்மா ஏன் எப்போதும் அந்த ஜன்னலிலேயே நிற்கிறாள் என்பது அவளுக்கு அந்த நொடியில் விளங்கியது. போன தடவை கூப்பிட்டபோது அப்பா ஏன் திரும்பவில்லை, டிவியை ஏன் அவ்வளவு சத்தமாக வைக்கிறார், போன் அடித்தால் ஏன் எழுந்து வெளியே போகிறார் என்பதெல்லாம் விளங்கியது.

முகத்தைக் கொஞ்சம் சுளித்தால் போதும். அவர் ஃபெயில் என்பார். கிளெனிஸ் எழுதிக்கொண்டு போய்விடுவார்.

சுவரோரம் செமிசி சுருட்டிய குல்லாயோடு நின்றுகொண்டிருந்தான்.

மெரியானா சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினாள். முகத்தில் ஒன்றும் காட்டாமல் முன்னால் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

"என்ன ஆச்சு?" என்றார் கிளெனிஸ். "சொல்லுங்க திபெனே. எப்படி இருக்கு சத்தம்?"

இன்ஜின் நின்ற பிறகு அவருக்கு அந்தக் கேள்வி ஓரளவு எட்டியது. கேட்டவர் பக்கம் திரும்பி, அவர் வாயைப் பார்த்தார். அவசரப்படாமல், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"நான் முன்னாடி சொன்னதை அடிச்சுடுங்க. அந்தப் பையன் என்கிட்ட எதுவும் கேக்கல." நிறுத்தினார். "எனக்குத்தான் காது கேக்கல."

*

கிளெனிஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எப்போதிலிருந்து என்று கேட்டார். இடது காது, வலது காது என்று அவர் சொன்னதை எழுதிக்கொண்டார். திட்டவில்லை. அது திபெனேயை இன்னும் வதைத்தது.

"இத்தனை நாள் சைலன்சரை எப்படித் தீர்மானிச்சீங்க? யாராவது சொல்லி உதவினாங்களா?"

"யாரும் இல்ல," என்றார் திபெனே சட்டென்று.

"நான்தான்," என்றாள் ரேவின். கவுன்டர் கதவில் நின்றுகொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடி இன்னும் கையில் இருந்தது. "ஜன்னல்ல நின்னு முகத்தைக் காட்டுவேன். அவர் பாத்துச் சொல்லுவாரு."

"நீ ஏன் வந்து..." என்று ஆரம்பித்தார் திபெனே.

"ரெண்டு பேருமா செஞ்சது. நீ மட்டும் எப்படிப் பழியை வாங்கிக்குவே?"

கிளெனிஸ் பேனாவை மூடினார். "இதையும் எழுதித்தான் ஆகணும், ரேவின்."

"எழுதுங்க."

"இன்னியிலேருந்து இங்க வாரன்ட் குடுக்கக் கூடாது. போர்டைக் கழட்டிடுங்க. திங்கக்கிழமை கூப்பிடுறேன்." மழைக்கோட்டை மாட்டும்போது மெரியானாவிடம் திரும்பினார். "பரிசோதகர் ஆக நீ போட்ட மனு என் மேசையிலதான் இருக்கு. உனக்கு இது தெரியுமா?"

"இப்பத்தான் தெரியும்."

"நான் நம்புறேன். மேல இருக்கறவங்களும் நம்பணும். அது என் கையில இல்ல." கதவு வரை போய் நின்றார். "அந்த பிக்கப் ஃபெயில். சொந்தக்காரர்கிட்ட சொல்லிடு."

*

செமிசி வாசலில் மழை விடக் காத்திருப்பதுபோல் நின்றான். மெரியானா பக்கத்தில் போய் நின்றாள்.

"மன்னிச்சுடுடா," என்றாள்.

"ம்."

"ம்னா?"

"ஊர்ல பேசினாங்க. தொழிற்சாலையில கிண்டல் பண்ணாங்க. தேவாலயத்துல கோரஸ்ல என் பக்கத்துல நிக்கிறவன் கூட ஒரு மாதிரி பாத்தான். அதெல்லாம் நான் கண்டுக்கல மெரே." அவன் குல்லாயை மாட்டிக்கொண்டான். "நீ ஒருத்தி கேட்டிருக்கலாம். கதவைச் சாத்தறதுக்கு முன்னாடி, நிஜமா என்னடா ஆச்சுன்னு ஒரு வார்த்தை."

"இப்போ கேக்கிறேன்."

"இப்போதான் உனக்கே தெரிஞ்சு போச்சே. இனிமே என்ன கேக்கப்போற?"

அவள் சுபாருவைத் திரும்பிப் பார்த்தாள்.

"பழைய சைலன்சர் டிக்கியில இருக்கு," என்றான். "மாட்டிடு. அவசரமில்ல. தூங்கணும் நான்."

"நனைஞ்சுக்கிட்டா போகப் போற? நான் கொண்டு விடுறேன்."

"வேணாம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குத் தாங்கியிருக்கும். சாதாரணமாகச் சொன்னான். தோளைக் குறுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினான். வெளியே நின்றிருந்த திபெனே எதிர்ப்பட்டார். அவர் கையை நீட்டினார். செமிசி நின்று, அந்தக் கையைப் பிடித்து, அந்த மண்ணின் மரியாதைப்படி நெற்றியும் மூக்கும் அவருடையதோடு படும்படி குனிந்துவிட்டுப் போனான். திபெனே அவன் போன திசையையே பார்த்துக்கொண்டு நனைந்தார்.

*

மதியம் ஒர்க்‌ஷாப்பில் வேலை ஓடவில்லை. போர்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தார்கள். ரேவின் வாங்கி வந்த, இறைச்சி வைத்துச் சுட்ட பேக்கரிப் பண்டம் ஆறிப்போய்க் கிடந்தது.

"ஏன் போனே?" என்றார் திபெனே.

"எங்க?"

"ஜன்னலை விட்டு."

ரேவின் அவருக்கு நேராகத் திரும்பினாள். "நான் முகத்தைச் சுளிச்சிருந்தா நீ தப்பிச்சிருப்பே. அந்தப் பையன் சுவத்தோட நின்னுக்கிட்டிருந்தான். என்னால முடியல."

"என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

"சொன்னேன். காலையில அந்தப் பையன் கதி என்னன்னு கேட்டேன். உனக்குக் கேட்டுச்சு."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார். கோபமா துக்கமா என்று ரேவினால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. முப்பது வருடங்களில் இப்படி அவரைப் படிக்க முடியாமல் போனது இதுதான் முதல் தடவை.

திடீரென்று நிமிர்ந்தார்.

"நீ பல் டாக்டர்கிட்ட போன அன்னிக்கு, செமிசி வண்டி மட்டும் வரல."

"வேற எது வந்துச்சு?"

"குழந்தைங்க பள்ளிக்கூட வேன். வெள்ளை வேன்." அவர் குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. "முன் சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பாத்தேன். ஆட்டமில்ல. கையால சுத்தினேன். சுத்தமா சுத்துச்சு. ஆனா பேரிங் அரைக்குதான்னு... அதைக் காதாலதான் பாக்கணும், விட்டா சக்கரமே கழண்டுடும். பாத்தேன்னு டிக் போட்டேன்."

சுபாருவின் அடியிலிருந்து மெரியானா வெளியே வந்தாள். பழைய சைலன்சரைப் பாதி மாட்டியிருந்தாள்.

"அவங்க இன்னிக்கு மலைக்குப் போயிருக்காங்க," என்றாள். "பசங்களுக்குப் பனி காட்ட. காலையில போறப்ப கையாட்டினாங்க."

ரேவின் போனை எடுத்தாள். மணி போகவே இல்லை. மேலே காட்டுக்குள் சிக்னல் கிடைக்காது என்று எல்லோருக்கும் தெரியும்.

"ஒண்ணும் இருக்காது," என்றாள் ரேவின். "புது மாதிரியான வேன் அது."

"இருக்காதுதான்," என்றாள் மெரியானா. தன் வண்டிச் சாவியை எடுத்தாள். "போய்ப் பாத்துட்டு வந்துடுறேன். அங்கேயே ஜாக்கி வச்சுத் தூக்கிடலாம்."

"நானும் வரேன்," என்றார் திபெனே.

அவள் தயங்கினாள். பிறகு அவர் முகத்துக்கு நேரே நின்று, உதடு தெரியும்படி சொன்னாள். "வாங்கப்பா. நீங்க சுத்துங்க. நான் கேக்கிறேன்."

புல்வெளிகளுக்கு நடுவே வடக்கே போனார்கள். மழை விட்டிருந்தது. மலை பாதி மேகத்தில் இருந்தது. காட்டுச் சாலை முடிந்து சமவெளி தொடங்குகிற இடத்தில் மெரியானா ஓரம் கட்டினாள். மேலிருந்து இறங்குகிற வண்டி எதுவும் இதைத் தாண்டித்தான் போக வேண்டும். அதற்கு மேல் வளைவுகள். ஒரு பக்கம் பள்ளம்.

இன்ஜினை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள். குளிர் உள்ளே வந்தது. மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டுவதும் எங்கோ ஓடை ஓடுவதும் கேட்டன. தலையை வெளியே நீட்டிக் காத்திருந்தாள். திபெனே இறங்கிச் சாலை நடுவில் போய் நின்று, வளைவுகளை ஒவ்வொன்றாக மேலே பார்த்தார்.

முதலில் பார்த்தவர் அவர்தான். மூன்றாவது வளைவில், ஈர மரங்களுக்கு இடையே, வெள்ளைக் கூரை ஒன்று தோன்றி மறைந்தது.

"வருது," என்றார் மகளைப் பார்த்து. "ஏதாவது கேக்குதா?"

மெரியானா பொறுங்கள் என்று ஒரு விரலை உயர்த்திக் கண்களை மூடிக்கொண்டாள்.